எடைக்கு

பெத்தானியாபுரத்தில் இரண்டாம் மாடி.
பரணிலிருந்து இறங்கியவை
ஏழு மஞ்சப்பை, ஒரு தகரப்பெட்டி,
வாய் மூடாமல் உப்பிப்போன ரெக்ஸின் பை.
மஞ்சப்பை ஒவ்வொன்றும் யாரோ கல்யாணம்.
மணமக்கள் பேர் அழிந்துவிட்டது,
ஜவுளிக்கடைப் பேர் பளிச்சென்று இருக்கிறது.

இவர் எதையும் தூரப் போடமாட்டார்.
"நாளைக்கு எவனாச்சும் கேட்டா?"
இருபத்தெட்டு வருசம் கண்டக்டர்,
திருமங்கலம், உசிலம்பட்டி, கடைசிவரை சோழவந்தான்.
தொண்ணூற்றெட்டில் ஏழரை ரூபாய் கணக்கு உதைத்ததற்கு
டெப்போவில் கொடுத்த மெமோ இருக்கிறது,
இவர் எழுதிய பதில் இருக்கிறது,
பதிலுக்கு நகல், நகலுக்கு நகல்.
அன்றிலிருந்து இந்த வீட்டில்
மளிகைச் சீட்டுக்கும் ஆயுள் தண்டனை.

செத்துப்போன டிவிக்கு உயிரோடு ஒரு வாரண்டி.
பெரியாஸ்பத்திரி ஓ.பி. சீட்டு,
யாருடைய வயிற்றுவலி என்று தெரியவில்லை.
மகளின் ப்ளஸ் டூ ஹால்டிக்கெட்;
அவள் மகளுக்கே இப்போது யு.கே.ஜி.
பச்சை மையில் சான்றொப்பமிட்ட ஜெராக்ஸ்கள்,
கையெழுத்துப் போட்ட ஹெட்மாஸ்டரின்
கருமாதிப் பத்திரிகையும் அதே பையில்.
அதை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பார்கள்.
ரசீது மாதிரி வைத்திருக்கிறார்.

கீழே எக்ஸெல் வண்டி வந்து நின்றது.
மொக்கராசு கொக்கித் தராசோடு மேலே வந்தான்.
"நோட்டுக்கு ஒரு வெல, கலர் பேப்பருக்கு ஒரு வெல,
லேமினேசன் வேணாங்க்கா."
பிரித்துப் போடச் சொன்னான்.
அதனால்தான் பிரித்தேன்.

எல்ஐசி டயரி, இரண்டாயிரத்து மூன்று.
ஒரு பக்கம்கூட எழுதவில்லை.
நடுவில் ரோஸ் கலர் சீட்டு,
தெற்காவணி மூல வீதி அடகுக்கடை.
கல் வைத்த கம்மல் ஒரு ஜோடி.
ஆறு கிராம் நானூறு மில்லி.
தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால்.
திருப்பியதாக முத்திரை இல்லை.

கீழ்வீட்டு ஜெபக்கனியை
நான் திருடி என்று சொல்லவில்லை.
குழாயடியில், குடம் நிறைகிறவரைக்கும்,
கை நீளமானவர்களும் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறார்கள் என்று
பொதுவாகச் சொன்னேன்.
அவள் கொடுத்தனுப்பிய கேக்கைத்
தட்டோடு திருப்பி அனுப்பினேன்.
அவள் பையன் படியில் நின்று
ஒரு துண்டு எடுத்துத் தின்றுவிட்டு இறங்கினான்.
மாசியில் வீட்டைக் காலிசெய்துகொண்டு
ஒத்தக்கடைக்குப் போனார்கள்.
வண்டியில் சாமான் ஏற்றும்போது
ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்,
எங்கள் வீட்டுப் பொருள் ஏதும் போகிறதா என்று.

கூடத்தில் இவர்.
மூட்டு மாற்றிய கால் ஸ்டூலில்.
என் கையில் ரோஸ் கலரைப் பார்த்தார்.
ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்,
முழுக்கக் குறைக்கவில்லை.
"அந்த வருசம் போனஸ் வரல."
கொஞ்சம் கழித்து,
"பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை" என்றார்.
கத்தரிப்பூ கலர். ஞாபகம் இருக்கிறது.
கடையில் பத்துப் பாவாடையைப் புரட்டி
நான்தான் எடுத்தேன்.

முப்பத்தொரு கிலோ எழுநூறு.
முந்நூற்று எண்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு
"கையில இருக்கதும் போடுறதாக்கா?" என்றான் மொக்கராசு.
அது கிடக்கட்டும் என்றேன்.
இத்தனை வருசத்தில் இந்த வீட்டில்
நானாக எடுத்துவைத்த முதல் காகிதம்.

ஒத்தக்கடைக்கு இங்கிருந்து நேர் பஸ் உண்டா,
மாட்டுத்தாவணியில் மாறவேண்டுமா?
இவரைக் கேட்டால் சொல்லுவார்,
நம்பர், நேரம், எத்தனையாவது ஸ்டேஜ்,
எவ்வளவு சில்லறை, எல்லாம்.

சேலை மாற்றிவிட்டேன்.
இன்னும் கேட்கவில்லை.